வேதாளம் கேட்ட கேள்வியும் வெள்ளித்திரை தந்த விடையும்

காட்டு வழியிலே இரண்டு பெண்களின் காலடித் தடங்கள். ஒன்று பெரிது, மற்றொன்று சிறிது. தடங்களைக் கண்டவர் இருவர், தந்தையும் மகனும். தந்தை அண்மையிலே மனைவியை இழந்தவன். மகன் மணமாகாத இளைஞன். பெரிய தடத்துக்குரியவள் மூத்தவளாக இருப்பாள், அவள் தந்தைக்கு; சிறிய தடத்துக்குரியவள் இளையவளாக இருப்பாள், அவள் தனக்கு என்று பங்கு பிரிக்கிறான் மகன். தந்தையும் வாக்குத் தருகிறான். தேடிக் கண்டுபிடித்துப் பார்த்தால், சிறிய பாதம் தாயுடையது. பெரிய பாதம் மகளுடையது! தாய் ஓர் அரசி. நாட்டை இழந்து, வழியிலே கணவனையும் கொள்ளையருக்குப் பறிகொடுத்துவிட்டு, மகளோடு காட்டுக்குள்ளே ஓடி வந்தவள். கொடுத்த வாக்கை எவரும் மாற்றவில்லை. மகனுக்கு அரசி மனைவியானாள். தந்தைக்கு அரசியின் மகள் மனைவியானாள். இரு வீட்டிலும் பிள்ளைகள் பிறந்தன. அந்தப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் என்ன முறை? விக்கிரமாதித்தனின் தோளிலே தொங்கிய வேதாளம் இதைத்தான் கேட்டது. அத்தனை கேள்விக்கும் அஞ்சாது விடை சொன்ன மன்னன், இதற்கு மட்டும் வாய் திறக்கவில்லை.

பதினோராம் நூற்றாண்டிலே, காஷ்மீரத்து அந்தணர் சோமதேவர் தம்முடைய பெருங்கதைத் தொகுப்பிலே சேர்த்து வைத்த கதை இது. பழங்கதைகளைப் பாராட்டுவது நமக்கு வழக்கமில்லை. பாராட்டத் தக்கவை அவற்றிலே குறைவு. இந்தக் கதையிலும் குறை உண்டு. பெண்களின் பாதத்தை அளந்தார்களே தவிர மனத்தைக் கேட்கவில்லை. எனினும் ஒன்றைக் கவனியுங்கள். கணவனை இழந்த ஓர் அரசி, வளர்ந்த மகளுக்குத் தாய், தன்னினும் இளைய ஒருவனை மணக்கிறாள். அதற்காக அவள் மீது இடி விழவில்லை, பாம்பு தீண்டவில்லை, பித்துப் பிடிக்கவில்லை. அவள் வாழ்ந்தாள், பிள்ளை பெற்றாள் என்று கதை தன் போக்கிலே போகிறது.

இந்தப் புதிரைத்தான் 1975ஆம் ஆண்டு இயக்குநர் கே. பாலசந்தர் எடுத்துக்கொண்டு, காட்டை நகரமாக்கி, அரசியைப் பாடகியாக்கி, 'அபூர்வ ராகங்கள்' என்று பெயர் சூட்டித் திரைக்குக் கொண்டுவந்தார். படத்துக்குள்ளேயே ஒரு பாத்திரம் வேதாளத்தின் கேள்வியைப் புதிராகப் போடுகிறது. ஆகவே மூலம் எது என்பதை அவர் மறைக்கவில்லை. தந்தையோடு கொள்கை மாறுபட்டு வீட்டை விட்டு வெளியேறும் இளைஞன் பிரசன்னா. அடிபட்டுக் கிடந்த அவனைத் தன் வீட்டிலே வைத்துக் காப்பாற்றும் பாடகி பைரவி. அவன் அவளைக் காதலிக்கிறான். அவளும் தயங்கித் தயங்கி, பிறகு ஏற்கிறாள். பைரவியின் மகள் ரஞ்சனி, தத்துத் தாய் என்று தான் எண்ணியிருந்தவளே தன்னைப் பெற்றவள் என்றறிந்து சினங்கொண்டு வெளியேறுகிறாள். அவளுக்கு அடைக்கலம் தருபவர் மகேந்திரன். மனைவியை இழந்தவர், பிரசன்னாவின் தந்தை. ரஞ்சனி அவரையே மணக்க விரும்புகிறாள். கமல்ஹாசன், ஸ்ரீவித்யா, ஜெயசுதா, மேஜர் சுந்தரராஜன் ஆகிய நால்வரும் இந்த நாற்சந்தியிலே நின்றார்கள்.

துணிவு இல்லை என்று யார் சொல்ல முடியும்? தமிழ்த் திரையிலே நாயகனைவிட நாயகி மூத்தவள் என்று அறிவித்துவிட்டுக் காதல் பாட்டுப் பாடுவது அந்நாளிலே சிறு காரியம் அன்று. (வேடிக்கை என்னவென்றால், தாய் வேடம் தாங்கிய ஸ்ரீவித்யா கமல்ஹாசனைவிட ஓராண்டுக்குச் சற்று மேல்தான் மூத்தவர். அந்த ஓராண்டையும் நாடு பெரிய பாதமாகத்தான் பார்த்தது.) இசையிலும் அதே துணிவு. படத்தின் பெயருக்கேற்ற அரிய ராகம் வேண்டும் என்றபோது எம்.எஸ். விசுவநாதன் எடுத்தாண்டது மகதி, பாலமுரளிகிருஷ்ணா உருவாக்கிய ராகம், நான்கே சுரங்கள். ராகம் என்றால் குறைந்தது ஐந்து சுரமாவது வேண்டும் என்ற இலக்கணத்தை வைத்துக்கொண்டு, அதை ராகமென்றே ஒப்பாதவர்களும் இருந்தார்கள். ஆனால் பாட்டு நிலைத்துவிட்டது. இன்றைக்கும் தேநீர்க் கடையிலே அது ஒலித்தால் கையிலே குவளையோடு நின்று கேட்பவர் உண்டு. சுரத்தை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. இலக்கணம் மறுத்த ஒன்றை அனுபவம் ஏற்றுக்கொண்டது.

கதைக்கு மட்டும் அந்த நற்பேறு கிட்டவில்லை.

முடிவை நினைவுகூருங்கள். பைரவியைக் கைவிட்டுப் போன பாண்டியன் திரும்பி வருகிறான். இரும்புக் கதவைத் தள்ளித் திறந்துகொண்டு ரஜினிகாந்த் திரையுலகுக்கு அறிமுகமான காட்சி அது. அப்போது திரையிலே 'சுருதி பேதம்' என்று எழுத்துத் தோன்றும். அவன் புற்றுநோயாளி, சாகும் நாளை எண்ணிக்கொண்டிருப்பவன். பிறகு கச்சேரி மேடை, பாட்டு, பாண்டியனின் மரணம். ரஞ்சனி தாயிடம் சேர்கிறாள். பிரசன்னா தந்தையிடம் சேர்கிறான். மகன் மகனாகிறான், மகள் மகளாகிறாள், புதிர் கலைகிறது, விளக்குப் போடுகிறார்கள்.

நாம் கேட்பது இதுதான்: அந்த நால்வரும் ஏன் பிரிந்தார்கள்? தவறு என்று உணர்ந்தார்களா? எது தவறு, ஏன் தவறு என்று ஒருவரிடம் ஒருவர் பேசினார்களா? இரண்டரை மணி நேரம் இயக்குநர் நம்மைக் கேட்டுக்கொண்டே வந்தார்: வயது காதலுக்குத் தடையா? தாய் என்பவள் மீண்டும் பெண்ணாகக் கூடாதா? தந்தையின் வீட்டில் தந்தையின் மாமியாரே மருமகளாவது கேலிக்குரியதா, கேட்டுப் பார்க்கத் தக்கதா? அத்தனை கேள்விகளுக்கும் விடையாக வந்தது ஒரு நோய்! ஓடிப்போனவன் வந்தான், இருமினான், செத்தான். ஆகவே காதல் முடிந்தது. இதிலே தர்க்கம் எங்கே? பைரவியை ஆண்டுக் கணக்கிலே தனியே விட்டுச் சென்றவனின் மரணத்துக்கு, அவள் அருகிலே நின்றவனின் அன்பைவிட அதிக உரிமை எப்படி வந்தது? சுருதி பேதம் என்று இயக்குநரே பெயரிட்ட ஒருவனிடம் அல்லவா ராகத்தை முடித்து வைக்கும் பொறுப்பை ஒப்படைத்திருக்கிறார்!

இங்கே ஒரு தவறான எண்ணம் வேண்டாம். முடிவிலே மாலை மாற்றி மணம் முடித்திருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. காதல் கதை என்றால் கலியாணத்தில்தான் முடிய வேண்டும் என்பதும் ஒரு வகை வைதீகமே. பைரவி மறுத்திருக்கலாம். மறுப்பதற்கு அவளிடம் நல்ல காரணங்கள் இருந்தன. மகளுக்குச் செய்த கொடுமைக்கு முதலில் கணக்குத் தீர்க்க வேண்டும் என்று அவள் கருதியிருக்கலாம். இருபது வயது இளைஞனின் ஆவேசம் நாற்பதிலும் நிற்குமா என்று அவள் ஐயுற்றிருக்கலாம். தன் இசையே தனக்குப் போதும் என்றுகூடச் சொல்லியிருக்கலாம். அப்படி ஒரு சொல் அவள் வாயிலிருந்து வந்திருந்தால், ஒப்பினும் ஒப்பாவிடினும் நாம் அவளை மதித்திருப்போம். பாலசந்தருக்கு அது தெரியாதா? தெரியும். இரண்டே ஆண்டுகள் கழித்து, 1977இல், 'அவர்கள்' படத்திலே அனு யாரையும் மணக்காமல் ரயில் ஏறுகிறாள். கொடுமை செய்த பழைய கணவன், கைநழுவிப்போன பழைய காதல், வாய் திறந்து சொல்லாமல் அன்பு காட்டும் நண்பன் என்று மூவரும் பின்தங்க, மகனின் கொடுமையைக் கண்ட மாமியாரே அவளோடு பயணமாகிறாள். அதுவும் பிரிவுதான், ஆனால் பயணச்சீட்டு எடுத்தவள் அனு. அந்த முடிவைப் பார்த்துவிட்டு எவருக்கும் ஏமாற்றம் வராது.

அபூர்வ ராகங்களின் முடிவு தனித்து நிற்கவில்லை. 1973இன் 'அரங்கேற்றம்' குடும்பத்துக்காகத் தன்னை விற்ற லலிதாவைப் பற்றியது. அவளால் வாழ்ந்த குடும்பமே அவளை அருவருக்கிறது. சமூகத்தின் கன்னத்திலே அறைந்த படம்தான். ஆயினும் கடைசியிலே அவளுக்குக் கிடைப்பது பித்து. 1985இன் 'சிந்து பைரவி'யிலே மணமான பாடகரைக் காதலித்த சிந்து, பெற்ற பிள்ளையை அவர் மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறாள். நோய், பித்து, துறவு. ஊர் ஒப்பாத ஆசை ஒன்று தமிழ்க் கதைக்குள்ளே நுழைந்தால், வாசலிலே இந்த மூன்று காவலர்களுள் ஒருவர் காத்திருக்கிறார். கதாசிரியர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்; "நான் தண்டிக்கவில்லை, விதி தண்டித்தது" என்கிறார். விதி என்பவர் யார் என்பது நமக்குத் தெரியும். அவர் கதாசிரியரின் மேசையிலேயே இருக்கிறார்.

படத்தின் மீது எனக்குள்ள இன்னொரு குறை இதைவிடப் பெரியது. இரண்டு காதல்களையும் ஒரே தராசிலே வைத்து, ஒரே முடிச்சிலே கட்டிவிட்டார்கள். அவை ஒரே எடையா? பைரவி தன் வீட்டிலே வாழ்பவள். தன் தொண்டையால் சம்பாதிப்பவள். வேண்டாம் என்றால் கதவைச் சாத்திக்கொள்ள வல்லவள். பிரசன்னாவும் வயது வந்தவன். போகவும் வரவும் உரிமை உள்ளவன். ரஞ்சனியின் நிலை வேறு. தாய் மீது கொண்ட சினம் ஆறாத சிறு பெண். தலைக்கு மேலுள்ள கூரை மகேந்திரனுடையது. உண்ணும் சோறு அவருடையது. அவர் நல்லவர், தயங்குகிறார் என்று படம் காட்டுகிறது, உண்மை. என்றாலும் நன்றியும் கோபமும் புகலிடத் தேவையும் கலந்த ஒன்றைக் காதல் என்று அவள் அழைக்கும்போது, "இந்த வீட்டை விட்டுத் தனியே நின்று, பிறகு சொல் அம்மா" என்று சொல்ல ஒருவரும் இல்லையே! முதல் இணைக்கு ஆம் என்றும் இரண்டாம் இணைக்கு இன்னும் பொறு என்றும் பகுத்தறிவு விடை சொல்லியிருக்கக் கூடும். புதிரின் அழகுக்காக இரண்டையும் பின்னியதால், ஒன்றை வெட்டப்போய் இரண்டும் அறுந்தன. முறை குழம்புகிறதே என்பது பெரிய கேள்வியாயிற்று. வேண்டாம் என்று சொல்லும் வலிமை அவளுக்கு இருந்ததா என்ற கேள்வி எழவே இல்லை.

நம் ஊர்ப்புறத்திலே இந்தக் கேள்வி எப்படித் தலைகீழாகிறது என்பதைப் பாருங்கள். ஜெயங்கொண்டத்தைச் சுற்றியுள்ள முந்திரிக்காட்டுச் சிற்றூர்களிலே, மனைவியை இழந்த நாற்பத்தைந்து வயது ஆண், இருபது வயதுப் பெண்ணை இரண்டாந்தாரமாகக் கட்டினால், "பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டாமா?" என்று ஊரே பரிந்து பேசுகிறது. முப்பது வயதிலே தாலி இழந்து, முந்திரிக்கொட்டை உடைத்துப் பிள்ளையைப் படிக்கவைக்கும் பெண், தன்னினும் நான்கு வயது இளையவனோடு வாழ விரும்பினால், அதே ஊர் அதே வாயால் என்ன பேசும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. முதலாவது பெண்ணுக்கு மறுக்கும் வலிமை இல்லை, அது முறை! இரண்டாமவள் தானே உழைத்துத் தானே முடிவு செய்தவள்; அது முறைகேடு! சட்டம்கூட மணமகனுக்குக் குறைந்த வயது 21, மணமகளுக்கு 18 என்று மூன்றாண்டு மூப்பை ஆணுக்குச் சீதனமாகக் கொடுத்திருக்கிறது. இரண்டையும் 21 ஆக்க 2021இல் நாடாளுமன்றத்திலே வந்த மசோதா, 2024இல் மக்களவை கலைந்ததோடு காலாவதியாயிற்று. பெண்ணின் வயதை உயர்த்துவதா, ஆணின் வயதைக் குறைப்பதா என்பது தனி வழக்கு. இங்கே அதற்கு இடமில்லை.

பிறர் வீட்டைக் குறை கூறிவிட்டு நம் வீட்டைப் பூட்டிவைப்பது முறையாகாது. 1952இன் 'பராசக்தி'யைக் கொண்டாடாத சுயமரியாதைக்காரன் இல்லை, நானும் கொண்டாடுகிறேன். கோயிலையே கேள்வி கேட்ட அந்தப் படம், இளம் கைம்பெண் கல்யாணிக்கு என்ன கொடுத்தது? அண்ணன் குணசேகரனுக்கு விமலா துணையாகிறாள். கல்யாணிக்கு அண்ணன்மார் கிடைத்தார்கள், தொண்டு கிடைத்தது, துணை கிடைக்கவில்லை. 1929 செங்கற்பட்டு மாநாட்டிலேயே கைம்பெண் மணத்துக்காகத் தீர்மானம் போட்ட இயக்கத்தின் படம் அது! திரை கிழிந்துவிடும் என்று அஞ்சினார்களா, அல்லது நினைவுக்கே வரவில்லையா?

ஆனால் நம் வீட்டிலே வேறொன்றும் நடந்தது. அதை மறைக்கவும் கூடாது, மறக்கவும் கூடாது. 1949இல், எழுபதை நெருங்கிய பெரியார், தம்மைவிட ஏறத்தாழ நாற்பது ஆண்டு இளைய மணியம்மையாரை மணந்தார். பொருந்தாத் திருமணத்தை ஊர் ஊராகக் கண்டித்த இயக்கம் அதிர்ந்தது. இயக்கத்துக்கும் உடைமைக்கும் பாதுகாப்புச் செய்யும் ஏற்பாடு இது என்றார் பெரியார். நீங்கள் கற்பித்த கொள்கைக்கே மாறானதல்லவா என்றனர் அண்ணாவும் தோழர்களும். அவ்வாண்டு செப்டம்பர் 17இல் திராவிட முன்னேற்றக் கழகம் பிறந்தது. பிரிந்தவர்களைக் கண்ணீர்த்துளிகள் என்று பெரியார் எள்ளினார். கசப்பான நாட்கள். இருப்பினும் அந்த வழக்கு எப்படி நடந்தது? ஏட்டிலே நடந்தது, மேடையிலே நடந்தது, இரு தரப்பும் காரணம் சொல்லிற்று. எவருக்கும் புற்றுநோய் வரட்டும், பிரச்சினை தீரட்டும் என்று யாரும் காத்திருக்கவில்லை. பதினெட்டு ஆண்டு கழித்து, 1967இல் வென்ற அண்ணா திருச்சிக்குச் சென்று பெரியாரைக் கண்டார். அவ்வாண்டே சுயமரியாதைத் திருமணத்தைச் சட்டமாக்கினார். கருத்து வேறுபாடு கருத்து வேறுபாடாகவே இருந்தது. மனிதர்கள் மனிதர்களாக நடந்தார்கள். அந்த வாதத்திலே என் மனக்குறை ஒன்றுதான்: பெரியாரின் வயது பேசப்பட்ட அளவுக்கு மணியம்மையாரின் விருப்பம் பேசப்படவில்லை. அவர் என்ன உறுதியோடு வந்தவர் என்பதை, 1973இல் பெரியார் மறைந்தபின் 1978இல் தாம் மறையும்வரை திராவிடர் கழகத்தை நடத்திக் காட்டினாரே, அந்த ஆண்டுகள் சொல்லின.

பள்ளியிலே என்னோடு பணிபுரியும் மூத்த ஆசிரியர் ஒருவர், இதையெல்லாம் கேட்டுவிட்டு, "தம்பி, அந்தக் காலத்திலே அதற்கு மேலே காட்டியிருந்தால் கொட்டகையைக் கொளுத்தியிருப்பார்கள், படம் எடுப்பவரும் பிழைக்க வேண்டாமா?" என்றார். பொருளற்ற வாதம் அன்று. மக்கள் ஒப்பிய அளவுக்குத்தான் படம் வென்றது. அவ்வாண்டின் சிறந்த தமிழ்ப் படம் என்ற தேசிய விருதும் பெற்றது. இப்சனுக்கும் இதே நெருக்கடி வந்தது. 1879இல் எழுதிய 'பொம்மை வீடு' நாடகத்திலே நோரா கணவனையும் பிள்ளைகளையும் விட்டு வெளியேறுகிறாள். ஜெர்மனியிலே நோராவாக நடிக்க இருந்த நடிகை, என் பிள்ளைகளை விட்டு நான் ஒருபோதும் போகமாட்டேன் என்று சொல்லி நடிக்க மறுத்தார். வேறு எவராவது சிதைப்பதைவிடத் தாமே சிதைப்பது மேல் என்று கருதிய இப்சன் மாற்று முடிவு எழுதிக் கொடுத்தார்: தூங்கும் பிள்ளைகளைக் கணவன் காட்டுகிறான், நோரா வாசலிலேயே சரிந்து விழுகிறாள். ஆனால் அந்த முடிவைத் தம் நாடகத்தின் மீது செய்த காட்டுமிராண்டித்தனம் என்று அவரே கண்டித்தார். இன்று உலகம் நடிப்பது நோரா கதவைச் சாத்திக்கொண்டு போகும் முடிவைத்தான். பிழைப்புக்காக வளைவது மனித இயல்பு. வளைந்ததை வளைவு என்று சொல்லும் நேர்மையைத்தான் இப்சனிடம் காண்கிறோம். பாலசந்தரின் படமோ தன் வளைவை நேர்க்கோடு என்று நம்பச் சொல்கிறது. கலைந்த குடும்பங்கள் கூடிவிட்டன என்று மங்கலம் பாடுகிறது.

விக்கிரமாதித்தன் வாய் மூடிக்கொண்டதற்கு வேதாளம் அவனை மெச்சியது. தெரியாததற்குத் தெரிந்ததுபோல் விடை சொல்லாத மன்னன் என்று அது மகிழ்ந்தது. இயக்குநரும் அப்படியே வாய் மூடியிருக்கலாம். கச்சேரி முடிகிற இடத்திலே, பைரவி மேடையிலே இருக்க, மகள் எதிரே நிற்க, பிரசன்னா அருகே அமர்ந்திருக்க, பாண்டியன் பிழைத்தோ பிழைக்காமலோ எங்கோ கிடக்க, யாரும் யாரோடும் போகாத நிலையிலே திரையை இறக்கியிருந்தால், வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நாம் பைரவிக்காக யோசித்துக்கொண்டு போயிருப்போம். அவள் என்ன செய்வாள்? மகளை அழைத்துப் பேசுவாளா? அவனை ஓராண்டு பொறு என்பாளா? அடுத்த கச்சேரிக்குத் தம்பூராவைக் கூட்டுவாளா? அவளிடம் யாரேனும் ஒருவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.